குளிர் ரூம்ல பொறந்த பொடிப் பூச்சிங்க

...பட்டினி போட்டேனாம் தம்பி! நானு! புழுங்களை! அதுங்களுக்கு இலை வச்சிட்டுத்தான் நான் டீயே குடிப்பேன். என் வீட்டுக்காரருக்குக்கூட நேரத்துக்கு இப்படிச் சாப்பாடு போட்டதில்ல, வேணும்னா போன் போட்டுக் கேளுங்க. ஏணி ஆடுதே, புடிச்சுக்கட்டா? வேணாமா? சரி.

இல்ல, ஏசி மிஷினைப் பாக்க வந்தவருக்கு விஷயம் தெரியணும்ல? இது குளிர் ரூம். பக்கத்துல சூடு ரூம். ஒரே பட்டாம்பூச்சி வச்ச முட்டைங்க, பாதி இங்க, பாதி அங்க. உலகம் சூடாகிட்டே போகுதே, பூச்சிங்க என்ன ஆகும்னு எங்க மேடம் ஆராய்ச்சி பண்றாங்க. சூட்டுல புழு கிடுகிடுன்னு வளந்து சட்டுனு கூடு கட்டிக்குமாம். பூச்சி சின்னதா வரும். குளிர்ல நிதானமா உக்காந்து தின்னுட்டு, பெருசா வரும். என் நாத்தனார் மாதிரி... அது கிடக்கட்டும், அந்தக் கதைய ஆரம்பிச்சா நீங்க ஏணியிலயே தூங்கிடுவீங்க.

இந்தத் தடவை என்னாச்சு? ரெண்டு ரூம் பூச்சியும் ஒரே அளவு! அத்தனையும் தக்கனூண்டு! மேடம் ஒவ்வொரு றெக்கையா அளந்தாங்க. அளக்க அளக்க அவங்க மூஞ்சியும் சுருங்கிப்போச்சு. மூணு வருஷ உழைப்பு, பாவம். அப்புறம் என்னைப் பாத்து, "இலை ஒழுங்கா வச்சீங்களா?"ன்னாங்க. அழுகையே வந்துடுச்சு தம்பி. உங்க மிஷின்ல கோளாறு இருந்தா நான் தப்பிச்சேன். இல்லேன்னா நாளைக்கே என்னை வாசல்ல வருகைப் பதிவு நோட்டோட உக்கார வச்சிடுவாங்க. அங்க பேச்சுத் துணைக்கு ஒரு புழுகூட இருக்காது!

என்னது, மிஷின் நல்லா இருக்கா? சரியாப் பாருங்க! டெம்பரேச்சர் மீட்டரா? டெய்லி நான்தான் பாத்து எழுதறேன். எப்பவும் பதினெட்டு டிகிரிதான். கதவுக்கு மேல, குளிர்காத்து நேரா அடிக்கிற எடத்துல தொங்குது பாருங்க. அப்பப்பா, அந்தக் காத்து! நாள் பூரா அதுல உக்காந்தா என் முட்டி என்னத்துக்கு ஆகும்? அதான் நாற்காலிய அந்த அலமாரிகிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டேன்.

கீழ செவப்பா தெரியுதா? அது ஒண்ணுமில்ல... ஹீட்டரு. வீட்லேருந்து கொண்டாந்தேன். என் முட்டிக்கு. ம்? நான் வீட்டுக்குப் போறப்பவா? அணைக்கறதில்லையே. புழுங்க குளிர்ல கெடக்குதே, கொஞ்சம் கதகதப்பா இருக்கட்டும்னு அலமாரிக்கு அடியிலயே தள்ளி விட்டுட்டுப் போவேன். எப்பலேருந்தா? முட்டை பொரிஞ்ச அன்னிக்கிலேருந்து...

தம்பி.

அந்த அலமாரியிலதான் இந்த ரூம் புழு எல்லாமே இருந்துச்சு.

ஐயய்யோ!

அட, இருங்க... அப்போ மேடம் சொன்னது சரிதானே! சூடு பட்டா சின்னதாயிடும்! அவங்க ஒரு ரூம்லதான் காட்டினாங்க, நான் ரெண்டு ரூம்லயும் காட்டியிருக்கேன்! இதுக்கு என்னைப் பாராட்டணும்! ஏன் எறங்கறீங்க? ஹீட்டர எங்க தூக்கிட்டுப் போறீங்க? மேடம் ரூமுக்கா? தம்பி, கைய சுட்டுக்காதீங்க! நில்லுங்க! நான் இலை ஒழுங்காத்தான் வச்சேன்னு மொதல்ல சொல்லிடுங்க... ஹீட்டர அப்புறமா காட்டுங்க!