இல்லாத காரைத் திருடியதாகச் சொல்லப்படுவது பற்றி

1982 ஏப்ரல் 22, வியாழக்கிழமை முற்பகல். பொலிஸ் நிலையத்தில் வைத்து சார்ஜன் சீனித்தம்பி அவர்களால் எழுதப்படுவது.

பெயர் கச்சிமுகம்மது றுகையா உம்மா. வயது 66. விலாசம் தைக்கா ஒழுங்கை, கல்முனைக்குடி. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியாக இருந்த காலஞ்சென்ற மீராமுகைதீனின் விதவை. தொழில் இல்லை. நாவிதன்வெளியில் உள்ள என் வயற்காணியின் விளைச்சலில் சீவிக்கிறேன். மட்டக்களப்பில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். தமிழும் ஆங்கிலமும் வாசிக்கவும் எழுதவும் தெரியும். ஆகையால் நான் சொல்வது எழுதி முடிந்ததும் நானே வாசித்துப் பார்ப்பேன் என்பதையும், கைநாட்டுக்கான மைத்தட்டை எடுத்து வைத்துவிடலாம் என்பதையும் தொடக்கத்திலேயே சொன்னேன்.

என்னிடம் ஒரு புதிய கார் இருந்ததாகவும், அதை நான் இரண்டு மாதமாகப் பூட்டி ஒளித்து வைத்திருந்ததாகவும், இன்று விடியற்காலை என் அயல்வீட்டு மசூர் அதைத் திருடியதாகவும் ஊரில் கதைக்கிறார்கள். இவை பிழை. என்னிடம் கார் இருக்கவில்லை, இன்றும் இல்லை. மசூருக்கு எதிராக நான் முறைப்பாடு செய்ததாகச் சொல்வதும் பிழை. நான் எவருக்கும் எதிராக முறைப்பாடு செய்யவில்லை.

என் மகன் ஸைனுலாப்தீன், வயது 38, கொழும்பில் ஜப்பான் கார்களை இறக்கி விற்கும் ஒரு கம்பனியில் உதிரிப்பாகப் பகுதியில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறார். அந்தக் கம்பனியில் ஐந்து வருடம் முடித்த ஊழியர் ஒருவர், ஒரு காரை ஊழியர் விலைக்கு எடுக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. எனக்கு முழங்கால் வாதம் இருப்பதால் பஸ்ஸின் மிதிபலகையில் கால் வைக்க முடிவதில்லை. வயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அடுத்தவரின் வாகனத்தில் ஓசியில் போவது எனக்குப் பழக்கமில்லை. இதை அறிந்த மகன் 1980ஆம் ஆண்டு மாசி மாதம், அப்போது புதிதாக வந்திருந்த சிறிய காருக்கு ஊழியர் விலையில் விண்ணப்பம் போட்டார். மூன்று மாதத்தில் வரும் என்று சொன்னார். நானும் கேட்டவர்களுக்கு அப்படியே சொன்னேன்.

அதன் பின்னர் மூன்று மாதம் கழிந்ததும் விசாரித்தபோது, முழு விலை கொடுக்கும் ஆட்களுக்குக் கொடுத்து மிஞ்சினால்தான் ஊழியருக்கு என்று கம்பனியில் சொன்னதாக மகன் சொன்னார். அந்தக் கார் மிஞ்சுகிற கார் அல்ல. டாக்டர்மாரும் கொந்தராத்துக்காரரும் சவூதிக்குப் போய் வந்தவர்களும் அதற்காகவே காத்து நின்றார்கள். அதன் பின்னர் விலை கூடியதால் பழைய விண்ணப்பம் செல்லாது என்று சொல்லி, வேறொன்று போடச் சொன்னார்கள். அதைப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டிய முகாமையாளர் அந்தக் கிழமையே வேலையிலிருந்து இளைப்பாறினார். அடுத்து வந்தவர் ஊழியர் காரியத்தைப் பிறகு பார்ப்போம் என்றார். அதன் பின்னர் சென்ற வருடம் ஐப்பசியில் ஒரு வெள்ளைக் கார் மகனின் பெயர் எழுதிய துண்டு கண்ணாடியில் ஒட்டப்பட்டுக் காட்சிசாலையில் நின்றது. மகன் அதைக் கண்ணால் கண்டார். அன்று பின்னேரம் மலைநாட்டிலிருந்து வந்த ஒருவர் முழுப் பணத்தையும் மேசையில் வைத்ததால், துண்டைக் கிழித்துவிட்டு அந்தக் காரை அவருக்குக் கொடுத்தார்கள். அந்தக் காருக்குக் கால்விரிப்புப் போடும் வேலை உதிரிப்பாகப் பகுதிக்கு வந்தது. என் மகன்தான் போட்டார்.

நான் மாதத்துக்கு ஒரு தரம் தபால் கந்தோருக்குப் போய்க் கொழும்புக்கு ரெலிபோன் எடுப்பது வழக்கம். ஒவ்வொரு முறையும் மகன், "அடுத்த கப்பல் உம்மா," என்பார். கம்பனிக்கு நானே ஆங்கிலத்தில் இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

இதற்கிடையில் என் அயல்வீட்டுச் சுபைறா, மருதமுனையில் நெசவுத்தறி வைத்திருந்த காலஞ்சென்ற சீனிமுகம்மதுவின் மனைவி, தன் மகள் முனவ்வறாவுக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பேசினார். மாப்பிள்ளை நிந்தவூரிலிருந்து காரில் வந்து பெண்வீட்டில் இறங்க வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். "றுகையா ராத்தா, உங்கட புதுக் காரத் தருவீங்களா?" என்று சுபைறா என்னிடம் கேட்டார். அந்தக் கார் வந்தால் அதன் முதல் பயணம் முனவ்வறாவின் கலியாணத்துக்குத்தான் என்று நான் வாக்குக் கொடுத்தேன். நான் கொடுத்த வாக்கு இதுவரை தவறியதில்லை.

அதன் பின்னர் இந்த வருடம் தை மாதத்தில் கம்பனி ஒரு புதிய நிபந்தனை வைத்தது. கொழும்புக்கு வெளியே போகும் ஊழியர் காருக்குக் கூரையும் பூட்டும் உள்ள கொட்டில் ஒன்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறையும் தள்ளிப் போகும் என்று மகன் சொன்னார். அதனால் வளவின் மேற்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டு இரட்டைக் கதவு வைத்து ஒரு கொட்டில் கட்டுவித்தேன். அதன் பின்னர் கம்பனி, காருக்கு முன்னதாகக் காரை மூடும் சாம்பல் நிறப் படங்கை ஒரு பெட்டியில் போட்டு லொறியில் அனுப்பியது. அது ஊழியருக்கு இலவசமாம். பெட்டி பெரியது. அதை நாலு பேர் இறக்கியதை ஒழுங்கைச் சனம் முழுவதும் நின்று பார்த்தது.

மாசி மாதத்தில் பெரும்போக வேளாண்மை வெட்டி, நெல் மூட்டைகள் வீட்டுக்கு வந்தன. கொட்டில் சும்மா கிடந்ததால் மூட்டைகளை அதற்குள் அடுக்கி, கூரை ஒரு மூலையில் ஒழுகியபடியால் கார்ப் படங்கால் மூடி, ஆமைப்பூட்டுப் போட்டேன். கதவு இடுக்கால் எட்டிப் பார்த்தவர்கள் படங்கையும் அதற்குள் இருந்த உருவத்தையும் கண்டு, கார் வந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சைக்கிளில் மீன் கொண்டு வருபவர் கூட என் வாசலில் நின்று, "உம்மா, உங்கட கார் என்ன தின்னுது? ஒரு சத்தமும் இல்லையே," என்று கேட்டார். நான் மீனைப் பற்றி மட்டும் கதைக்கும்படி அவருக்குச் சொன்னேன்.

சென்ற வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த நெல்லை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றி, இருட்டும் வேளையில் மில்லுக்கு அனுப்பினேன். கொட்டிலில் படங்கு மட்டும் மிஞ்சியது. அதை நிலத்தில் போட்டுவிட்டுப் பழையபடி பூட்டினேன். அன்று இருட்டில் என் வளவுக்குள் என்ஜின் சத்தம் கேட்டதாக இன்று சாட்சி சொல்பவர்கள் கேட்டது அந்த ட்ரக்டரைத்தான்.

அதன் பின்னர் திங்கட்கிழமை சுபைறாவின் ஒரே மகன் மசூர், வயது 24, என் வீட்டுக்கு வந்தார். காரைக் கலியாணத்துக்குத் தரச் சொல்லி வந்தவரிடம் கார் வரவில்லை என்று சொன்னேன். மாப்பிள்ளையின் தாய் பாத்தும்மா நிந்தவூரில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்ன ஒரு கதையை அவர் என்னிடம் சொன்னார். "கார் நிழலுக்குள்ள கிடக்கு, எங்கட புள்ள பஸ்ஸில தொங்கிட்டு வரட்டாம். நெசவுகாரன்ட ஊட்டுக்கு அது போதுமெண்டு றுகையா நினைக்கிறா," என்பது அது. தங்கச்சி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றும் சொன்னார்.

அதன் பின்னர் எங்களுக்கிடையில் நடந்த கதை இது.

"மாமி, ஒருக்காக் கதவத் திறந்து காட்டுங்க. பாத்துட்டு நான் போய் அவங்களுக்குச் சொல்றன்."

"நான் இல்லையெண்டு சொன்ன சாமான நீ தேடிப் பாக்கப் போறியா மகன்?"

"நான் நம்புறன் மாமி. ஊர்தான் நம்புதில்ல."

"அப்ப நீயும் ஊரோட போய் இரு."

அவர் போய்விட்டார். நான் கதவைத் திறக்கவில்லை.

இன்று விடியற்காலை நான் சுபஹு தொழுது முடித்து அமர்ந்திருக்கையில் கொட்டில் பக்கம் இரும்புச் சத்தம் கேட்டது. நான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். பூட்டு உடைந்து கிடந்தது. மசூர் கையில் அலவாங்குக் கம்பியுடன் வெறும் கொட்டிலுக்குள் நின்றார். படங்கு அவர் காலடியில் கிடந்தது. அவர் என்னைப் பார்த்து, "மாமி, மெய்யா ஒண்டும் இல்லையே," என்றார். அதற்குள் ரோந்து வந்த பொலிஸார் உள்ளே நுழைந்தார்கள். இங்கே இருந்த கார் எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். கூடி நின்றவர்களில் ஒருவர் படங்கோடு காரைக் கண்டேன் என்றார், ஒருவர் வெள்ளி இரவு அதன் சத்தத்தைக் கேட்டேன் என்றார், ஒருவர் நிறம் வெள்ளை என்றும் சொன்னார். கார் இருந்தது, இப்போது இல்லை, உடைத்தவன் நிற்கிறான் என்று மசூரைப் பிடித்தார்கள். கார் வரவில்லை என்று நான் மூன்று தரம் சொன்னேன். அயல்வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றக் கதைக்கிறேன் என்று அவர்களில் இளையவர் சொன்னார். அவர் என்னை உம்மா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்.

இதைப் பதிபவருக்கு விளங்குவதற்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் சாரதி எவரையும் வைத்திருக்கவில்லை. இரண்டு மாதம் கார் வைத்திருந்தவள் ஒரு போத்தல் பெற்றோலாவது வாங்கியிருக்க வேண்டும். பஸார் பெற்றோல் செட்டில் விசாரிக்கலாம். மசூருக்கும் கார் ஓட்டத் தெரியாது. அவர் இரவல் வாங்கிய அலவாங்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சைக்கிளும் இப்போது இந்த நிலையத்தின் முன்னால்தான் நிற்கிறது. கார் திருடியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்ததை இங்கே எல்லோரும் பார்த்தார்கள்.

கார் இல்லையென்றால் திங்கட்கிழமையே கதவைத் திறந்து காட்டியிருக்கலாமே, ஏன் காட்டவில்லை என்று கேட்கப்பட்டதற்குச் சொல்வதாவது:

கதவுக்குப் பின்னால் இருந்தது வெறும் நிலம். அதைத் திறந்தால் ஊர் பார்ப்பது கார் இல்லாததை அல்ல. ஒன்பது வருடம் உழைத்த இடத்தில் என் மகனின் சொல்லுக்கு ஒரு பெறுமதியும் இல்லை என்பதைத்தான் பார்க்கும். தன் பெயர் எழுதிய காருக்குத் தானே கால்விரிப்புப் போட்டுக் கொடுத்ததை அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு, தூரத்து ரெலிபோனில் காசு ஓடிக்கொண்டிருக்க, "அடுத்த கப்பல் உம்மா," என்று மட்டும் சொன்னார். நான் பூட்டியது அதைத்தான். இதையும் எழுதும்படி சொல்கிறேன். எழுதாமல் விட்டால் மசூர் ஏன் உடைத்தார் என்பது விளங்காது.

இன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பின் முனவ்வறாவின் நிக்காஹ். தகப்பனும் தகப்பனின் தகப்பனும் மௌத்தானபடியால் அவளுக்கு வலியாக, அதாவது பெண்ணின் பொறுப்பாளராக நின்று நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டியவர் கூடப்பிறந்த மூத்த சகோதரன், காக்காவாகிய மசூர்தான். அவர் உயிரோடு ஊரில் இருக்கையில் வேறொருவரை வலியாக வைக்க விவாகப் பதிவாளர் சம்மதிக்கவில்லை. காலையில் கேட்டுப் பார்த்தோம். மசூர் இங்கே இருந்தால் இன்று கலியாணம் இல்லை. இன்று இல்லாவிட்டால் நிந்தவூர்க்காரர் இன்னொரு நாளுக்கு வருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பூட்டின் பெறுமதியை நான் கேட்கவில்லை. கதவை உடைத்தது குற்றம் என்றால், அந்தக் கதவு என்னுடையது, அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. மசூரை என் பொறுப்பில் விடும்படி கேட்கிறேன். எந்த நாளும் எந்த நேரமும் அவரை நானே கூட்டிக்கொண்டு வந்து முன்னிறுத்துவேன்.

இங்கு வருமுன் கொட்டிலின் இரண்டு கதவையும் அகலத் திறந்து கல் வைத்துவிட்டு, படங்கை மடித்துச் சுபைறாவின் முற்றத்தில் பந்தலுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். காலையிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கட்டும். மாப்பிள்ளை எந்த வாகனத்தில் வருவது என்பதைப் பாத்தும்மாவிடம் நானே போய்க் கதைப்பேன். போவது பஸ்ஸில் என்றாலும் போவேன்.

கார் வரவில்லை என்பதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டா என்று கடைசியாகக் கேட்கப்பட்டது. இல்லை. இரண்டு வருடமாக நான் தேடுவதும் அதைத்தான். கம்பனியின் விலாசத்தை இதை எழுதும் சார்ஜனிடம் ஒரு துண்டில் கொடுத்திருக்கிறேன். இந்த நிலையம் இன்றே தந்தி அடித்து, ஊழியர் ஸைனுலாப்தீனின் பெயருக்கு எழுதப்பட்ட கார் அவருக்குக் கொடுக்கப்பட்டதா, இல்லையென்றால் எப்போது கொடுக்கப்படும் என்று கேட்டால், என் கடிதத்துக்குப் பதில் சொல்லாதவர்கள் பொலிசுக்காவது சொல்வார்கள்.

எழுதியதை நானே முழுவதும் வாசித்தேன். இரண்டு இடத்தில் திருத்தம் செய்து திருத்தத்தின் அருகில் ஒப்பமிட்டேன். எவரும் என்னைத் தூண்டவோ பயமுறுத்தவோ இல்லை. நான் கண்டதையும் கேட்டதையும் செய்ததையும் தவிர வேறெதையும் இதில் சொல்லவில்லை. இது உண்மை.

மசூரை அசருக்கு முன் விடுவது பற்றிப் பொறுப்பதிகாரி அவர்களின் முடிவை எழுத்தில் தரும்படி கேட்கிறேன். அது கையில் கிடைக்கும் வரை முன்மண்டபத்தில் அமர்ந்திருக்கிறேன். கம்பனியிடமிருந்து வரும் பதிலின் பிரதி ஒன்றையும் எழுத்தில், மேற்படி விலாசத்துக்கு, என் பெயருக்கே அனுப்பவும்.

(ஒப்பம்) க. றுகையா உம்மா