பனியன் துணி போட்ட நாற்காலிகள்

...அதத்தானுங்க அம்மணி நானும் சொல்றேன், வந்து உக்கார்றதுக்கு ஆளில்லீன்னா அவங்களும் எத்தன நாளைக்குத்தான் நடத்துவாங்க? இருங்க இருங்க, அங்க உக்காராதீங்க, அதுக்கு ஆளு வருதுங்க. துணி போட்டிருக்குது பாருங்க. தப்பா எடுத்துக்காதீங்க கண்ணு, சித்த நேரம் இப்பிடிச் செவுத்தோரமா நில்லுங்க. கூட்டம் ஆரம்பிக்கற வரைக்கும் பேசிட்டிருக்கலாம்.

இந்த ஊர்ல படிச்சவங்களுக்கு அக்கறையே இல்லீங்க. இத்தாம்பெரிய யுனிவர்சிட்டி, இத்தாம்பெரிய லைப்ரரி, மாசம் ஒருக்கா நம்மள மாதிரி வெளியாளுங்களையும் உள்ள உட்டுப் பேச்சு வெக்கறாங்க. பேசி முடிச்சதும் யாரு வேணும்னாலும் கேளுங்கன்னு மைக்கைக் கையில குடுக்கறாங்க. ஏசி போடறாங்க, டீ குடுக்கறாங்க. வர்றதுக்கு என்னங்க கேடு? போன மாசம் ஆந்தையப் பத்தி ஒரு ஐயா பேசுனாரு. எத்தன படிச்ச மனுசன், காலி நாற்காலியப் பாத்துப் பேசிட்டுப் போனாரு. எனக்கு மனசே ஆறலைங்க.

அதுக்குத்தான் இன்னிக்கு வந்துருக்குது வெனை. அந்தா, கதவுகிட்ட நிக்கறாங்களே, கயல்விழி மேடம், லைப்ரரியன், அவங்கதான் இதையெல்லாம் நடத்தறவங்க. பேச்சு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேடை மேல நின்னு ஒரு ஃபோட்டோ எடுத்து ரெஜிஸ்ட்ரார் ஐயாவுக்கு அனுப்போணுமாம். நாற்காலி காலியா இருந்துச்சுன்னா அடுத்த மாசத்துல இருந்து எல்லாமே ஆன்லைனாம். ஊட்ல இருந்துட்டே செல்லுல பாத்துக்கலாமாம்.

ஊட்ல இருந்துட்டே. கேட்டீங்களா பேச்ச?

எங்கூடு கணபதியிலீங்க. கீழ லேத்துப் பட்டறை, மேல குடியிருக்கறோம். எங்கூட்டுக்காரரு கீழ இருந்து புவனான்னா நான் எறங்கோணும். எறங்கறதுக்குள்ள மாமியாரு மேல இருந்து புவனான்னா நான் ஏறோணும். இங்க வந்து உக்காந்தா, பேச்சு முடியற வரைக்கும் ஒருத்தரும் என்னைய புவனான்னு கூப்பிடறதில்லீங்க. பேசறதுல பாதி எனக்கு வெளங்காது, அது வேற. ஆனா பாருங்க, ஆந்தைக்குக் கண்ணு திரும்பாதாம், தலையத்தான் திருப்புமாம். அன்னிக்கு ஊட்டுக்குப் போயி தோசை சுட்டுட்டே அதையே நெனச்சிட்டிருந்தேன். சந்தோசமா இருந்துச்சுங்க. அத செல்லுல பாக்கறதுன்னா எங்க வெச்சுப் பாக்கறது, அடுப்பு மேட்லயா?

இன்னிக்கு எறும்பப் பத்திங்க. மேடையோரமா டீ குடிக்கறாங்களே, அந்தம்மாதான் பேசறாங்க. நான் கேள்விகூட யோசிச்சு வெச்சிருக்கறேன். சக்கர டப்பாவ எத்தன இறுக்கி மூடினாலும் உள்ளுக்குள்ள எப்பிடிங்க வருதுன்னு கேக்கோணும். மைக்குல பேசுனா என்ற கொரலு எனக்கே வேற மாதிரி கேக்குமுங்க... நல்லா இருக்கும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆமா, கூட்டம். மேடம் வாட்ஸப்புல அழைப்பு அனுப்பறாங்க. வாட்ஸப்புல கூப்பிட்டா நம்ம பக்கத்துச் சனம் வருமுங்களா? நேர்ல போயிக் கூப்பிடோணுமில்ல. அதான் நானே எறங்கிப்போட்டேன். அன்னூர்ல என்ற தம்பியூடு, பொள்ளாச்சியில சம்பந்தியூடு, எங்க வீதியில ஒரு ஊடு பாக்கி உடல. உள்ளார போயி உக்காந்து, குடுத்த காப்பியக் குடிச்சு, ஆம்பளைங்ககிட்டத் தனியா, பொம்பளைங்ககிட்டத் தனியா சொன்னேன். எறும்பப் பத்திப் பேசறாங்க, எல்லாரும் ஒட்டுக்கா வந்துருங்கன்னு. ஒருத்தராச்சும் வரமாட்டேன்னு சொல்லோணுமே? வந்தர்றோமுங்கன்னுட்டாங்க. சம்பந்தி ஒருபடி மேல போயி, இது நம்மூட்டு விசேசமில்லீங்களான்னாரு.

வந்தவங்களுக்கு எடமில்லாமப் போனா என்னாகும் சொல்லுங்க? என்ற பொண்ணு கல்யாணத்துல அப்பிடித்தான் ஆச்சு. எங்கூட்டுக்காரரோட அக்கா, எனக்குப் பெரிய நங்கையா, அவங்களுக்கு முன்வரிசையில எடம் கெடைக்கல. ஆருமே எந்திரிக்கல. தூணோரம் நின்னே தாலி கட்டறதப் பாத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் எங்கூட்டு வாசப்படி மிதிக்கலைங்க. நான் போனாலும் மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. அவங்களையும் இன்னிக்குக் கூப்பிட்டிருக்கறேன். அதான் பட்டறையில கை தொடைக்கறதுக்கு வாங்கி வெச்ச பனியன் துணிய ஒரு சாக்கு தூக்கியாந்துட்டேன். மூஞ்சியச் சுளிக்காதீங்க, எண்ணெ படாத துணிதானுங்க. பஸ்ஸுல சன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிக்கறதில்லீங்களா, அதேதான். கதவு தொறந்ததும் மொத ஆளா வந்து, முன்வரிசையில ஆரம்பிச்சு கடேசி வரைக்கும் ஒண்ணு உடாமப் போட்டேன். இடுப்பு ஒடிஞ்சுபோச்சு.

ஏனுங்க தம்பி, அதுல ஆளிருக்குதுங்க. ...அதும்தானுங்க. ...கடேசி வரிசையுமுங்க, அது அன்னூர்க்காரங்களுக்கு. ...பாருங்க அம்மணி, போயிட்டாங்க. ஒரு பட்டாளமே வந்துச்சு, சித்த நேரம் நிக்கறதுக்குப் பொறுமையில்ல. போன மாசமும் இதே கதைதான். அப்ப நான் பாதி நாற்காலிக்குத்தான் போட்டிருந்தேன். ஆஸ்டல் பசங்க கும்பலா வந்து எட்டிப் பாத்துட்டு, எடமில்லடான்னுட்டுப் போயிட்டாங்க. என்ற ஒறம்பற சனம் வர்றதுக்குள்ள பேச்சே முடிஞ்சுபோச்சு. வந்தாங்களான்னா... வரல. வழியில ஏதோ வேலையாம். அதான் இந்தத் தடவ முழுசாப் போட்டுட்டேன், கொறையே இருக்கக் கூடாதுன்னு.

இருங்க, என்ற தம்பிக்கு ஒரு போனு போட்டுக்கறேன். ...ஏங்கண்ணு, எங்க வந்துட்டிருக்கறீங்க? ...ஓ. ...ஆகட்டும், ஆகட்டும். ...மெதுவாப் பாத்து வாங்க. ...கெளம்பிட்டாங்களாமுங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, குளிச்சுட்டு வந்தர்றாங்களாம்.

கயல்விழி மேடம் என்னையே பாக்கறாங்க பாருங்க. பாவம், வெசனத்துல மூஞ்சியே சுருங்கிப்போச்சு. நீங்க வர்றதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து, புவனாக்கா, அந்தத் துணிய எடுத்தர்றீங்களா, வெளிய பசங்க நிக்கறாங்கன்னாங்க. எடுத்துப்போட்டா வர்றவங்க எங்க மேடம் உக்காருவாங்கன்னேன். அதுக்கு அந்தக் கதவுகிட்டயே போயி நின்னுக்கிட்டாங்க. நாயத்தச் சொன்னா ஆருக்குங்க புடிக்குது.

எங்கீங்க அம்மணி கெளம்பிட்டீங்க? ...தண்ணி குடிக்கவா? வந்தர்றீங்கல்ல? ...வந்தர்றீங்க. அப்பச் சரிங்க. பாவம், கால் கடுக்க நின்னீங்க, உங்களுக்கும் ஒரு எடம் போட்டு வெக்கறேன். துணி வேற தீந்துபோச்சே... அட, என்ற நாற்காலி இருக்குதில்ல. இதுல என்ற கைப்பைய வெச்சர்றேன். நான் நின்னுக்கறேன், எனக்கென்ன, நின்னு பழக்கந்தான். பொறுமையா வாங்க கண்ணு.

ஏனுங்க மேடம், எதுக்குங்க மேடையில ஏறிட்டீங்க? ஃபோட்டோவா? இப்பவேவா? சித்த இருங்க, என்ற தம்பி கெளம்பிட்டான்... சரி சரி, எடுங்க. நான் ஒருத்தி நடுவால நின்னா நல்லா இருக்காது, அக்கட்டால போயிக்கறேன்.

எடுத்துட்டீங்களா? துணியெல்லாம் தெரியற மாதிரித்தானுங்களே எடுத்தீங்க? ரெஜிஸ்ட்ரார் ஐயாகிட்டச் சொல்லிப்போடுங்க மேடம். ஒரு நாற்காலி காலியில்லீங்க. எல்லாத்துக்கும் ஆளிருக்குது.