முதியோர் வார்டு எப்போதும் தாமதம்

எனக்குக் காத்திருப்பது பிடிக்காது. பஸ் வரத் தாமதமானால் நடந்தே போய்விடுவேன்.

மருத்துவமனையில் புது இதய மாத்திரை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சாப்பிடும் நோயாளிகளின் குறிப்புகளை 'ஆர்' என்ற கணினி மொழியில் எழுதிய நிரலால் அலசி, வாராவாரம் அறிக்கை தருவது என் வேலை. வார்டு வார்டாக ஓட்டினால் மாலைவரை இழுக்கும். எல்லா வார்டுகளும் கணினியில் ஒரே நேரத்தில் ஓடும்படி மாற்றினேன். மேலாளர் என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"டீ ஆறுறதுக்குள்ள இந்தப் பொண்ணு முடிச்சிடுது. நீங்கல்லாம் நாற்காலியத் தேய்ச்சிட்டு இருக்கீங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

ஒரே ஒரு குறை. முதியோர் வார்டு மட்டும் எப்போதும் பின்தங்கும். அது முடியும்வரை மற்றவை சும்மா நிற்கும். ஆகவே ஒரு காலவரம்பு வைத்தேன். அதற்குள் முடியாததை நிரல் விட்டுவிடும். வந்ததை வைத்து அறிக்கை தானாக உருவாகும். 'மாத்திரையால் ஆபத்து இல்லை' என்று வந்தது.

அந்த வார்டு ஏன் தாமதம் என்று பிறகுதான் பார்த்தேன். ஒருவர் இறந்தால் அவருடைய பரிசோதனைகள் அத்தனையையும் நிரல் முதலிலிருந்து அலசும். அங்கே நிறையப் பேர் இறந்திருந்தார்கள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும். எனக்கு அது வராது. மின்னஞ்சல் எழுதினேன். 'வணக்கம்' என்று தொடங்குவதா, 'மதிப்பிற்குரிய' என்றா என்று முடிவாகவில்லை. அழித்துவிட்டேன்.

பக்கத்து இருக்கை அக்கா என் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்மா, எங்கப்பா முதியோர் வார்டுலதான் இருக்காரு. அவருக்கும் அந்த மாத்திரைதான் குடுக்குறாங்க. நீதானே கணக்குப் பாக்குற, பயமில்லையே?"

"அறிக்கையில ஒண்ணும் இல்லக்கா."

"நீ வாயத் திறக்குறதே அதிசயம். நீ சொன்னா சரிதான்."

நான் பொய் சொல்லவில்லை. அறிக்கையில் ஒன்றும் இல்லைதான்.

அடுத்த வாரம் முதியோர் வார்டு இன்னும் கொஞ்சம் தாமதமானது. அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. காலவரம்பை நான் தளர்த்தவில்லை. மற்ற வார்டுகள் என்ன பாவம் செய்தன?

விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டதால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதற்கு முன் என்னை யாரும் கேட்டதே இல்லை.