தழும்பில்லாத மீன்

மனைவி: கதவைத் திறங்க. பரீட்சைக்குப் பயந்த பையன் மாதிரி கழிவறைக்குள்ள என்ன பண்றீங்க?

பேராசிரியர்: மெதுவாப் பேசு... தொண்டை கட்டியிருக்கு.

மனைவி: காலையில கண்ணாடி முன்னாடி நின்னு ‘மனித குலமே’ன்னு முழங்கினப்ப கட்டலையா?

பேராசிரியர்: அரங்கத்துல... கூட்டம் எப்படி?

மனைவி: நிக்க இடமில்ல. அமைச்சர் வந்தாச்சு, கேமராக்காரங்க வந்தாச்சு. உங்க மீன்கூட தொட்டியோட மேடையேறிடுச்சு. நீங்கதான் பாக்கி.

பேராசிரியர்: அதை முதல்ல கீழ இறக்கச் சொல்லு.

மனைவி: ஏன்? ‘வளர்ந்த மீனுக்கு மூளையில காயம் பட்டாலும் புது செல் முளைச்சு, தழும்பே இல்லாம ஆறிடும், இந்த மீனே சாட்சி’ன்னு அழைப்பிதழ் அடிச்சது யாரு?

பேராசிரியர்: நான்தான். ஆனா சாட்சி... பொய்ச்சாட்சி.

மனைவி: மீனா?

பேராசிரியர்: நான். சிரிக்காதே.

மனைவி: சிரிக்கல, இருமறேன். சொல்லுங்க.

பேராசிரியர்: மீனுக்கு மயக்கமருந்து குடுத்து ஈரப்பஞ்சு மேல படுக்க வச்சேன். மூளையில குத்த ஊசியை எடுத்தேன். அந்தச் சின்ன மூஞ்சியைப் பார்த்தேனா...

மனைவி: பார்த்து?

பேராசிரியர்: மயங்கிட்டேன்.

மனைவி: மருந்து குடுத்தது மீனுக்குத்தானே?

பேராசிரியர்: பக்கத்து ஆய்வகத்துல தினமும் மீன் மூளையை அறுக்கறவ நீ. உனக்கு எங்க புரியும்... முழிச்சுப் பார்த்தா தரையில கிடக்கேன். மீன் பஞ்சு மேல அப்படியே இருக்கு. வெளிய மாணவர்கள் காத்திருக்காங்க. மீனைத் தொட்டியில விட்டேன், கோட்டைத் தட்டிவிட்டுக்கிட்டேன், கதவைத் திறந்து ‘வெற்றி’ன்னுட்டேன்.

மனைவி: அப்போ புது செல்லு? நுண்ணோக்கிப் படத்துல நிறைய மின்னுச்சே.

பேராசிரியர்: வளர்ந்த மீனுக்கு அது எப்பவும் கொஞ்சம் முளைக்கும். இது ஒரு பிடி கூடுதலா சாப்பிடுது, அதான் நிறைய முளைச்சிருக்கு போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

மனைவி: தழும்பு?

பேராசிரியர்: புண்ணே இல்லாத இடத்துல தழும்பு எங்கேருந்து வரும்? அதைப் பார்த்து உலகமே கைதட்டுது. நான் மட்டும் கழிவறையில ஒளிஞ்சிருக்கேன்.

மனைவி: சரி... இப்போ என்ன செய்யப்போறீங்க?

பேராசிரியர்: மேடையேறி உண்மையைச் சொல்லிடறேன். பதவி போனாப் போகட்டும். உன் பேரும் கட்டுரையில இருக்கு, அதான் கஷ்டமா இருக்கு.

மனைவி: மயங்கி விழுந்ததையும் சொல்வீங்களா?

பேராசிரியர்: அது... யாராவது கேட்டா.

மனைவி: அதை மட்டும் சொல்லுங்க, போதும். மத்ததெல்லாம் உண்மைதான்.

பேராசிரியர்: என்ன உளர்றே?

மனைவி: தாழ்ப்பாளை எடுங்க முதல்ல. அன்னைக்கு நீங்க விழுந்த சத்தம் கேட்டு, பின்கதவு வழியா ஓடி வந்தேன். உங்களுக்குக் குறட்டை, மீனுக்கு மயக்கம் தெளியற நேரம். யாரை முதல்ல கவனிக்கறது? ஊசியை எடுத்து மீன் மூளையில குத்தி முடிச்சிட்டு, அப்புறம்தாங்க உங்க மூஞ்சியில தொட்டித் தண்ணியைத் தெளிச்சிட்டு ஓடினேன்.