விசிறிக்காரர் ஏன் வந்தார்?

...காலையில இருந்து நம்ம ஆஸ்பத்திரி டோக்கன் சாப்ட்வேரைப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம். காய்ச்சலோட வர்ற ஒருத்தர் டோக்கன் வாங்க மெஷின்ல எட்டுத் திரையைத் தாண்டணும். இது அதிகம்னு எல்லாருக்கும் தெரியுது. ஆனா எதை எடுக்கலாம்னு நான் கேட்டப்ப எல்லாரும் லேப்டாப்பைப் பாத்துக் குனிஞ்சுட்டீங்க. கடைசியில எழிலரசன்தான் மெதுவா கேட்டார். "மேடம், எடுத்துட்டு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

நல்ல கேள்வி எழில். அதுக்கு ஒரு குட்டிக் கதை வழியாப் போய்ப் பதில் சொல்றேன். லேப்டாப்பைக் கொஞ்சம் மூடி வெச்சுட்டுக் கேளுங்க.

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, ஒரு மலையடிவாரக் கோட்டையில கூத்தரையன்னு ஒரு சிற்றரசர் இருந்தார். பெரிய ராஜ்யம் இல்ல. ஆனாலும் ராஜா ராஜாதானே... அவருக்குக் காய்ச்சல். விடாத காய்ச்சல். வைத்தியர் பார்த்துட்டு, "மிளகு தட்டிப் போட்டு சூடா கஞ்சி குடிக்கணும். சூடு உள்ள போனாத்தான் வேர்க்கும். வேர்த்தாத்தான் காய்ச்சல் இறங்கும்"னு சொல்லிட்டார்.

கஞ்சி வந்துச்சு. தொட்டா ஜில்லுனு இருக்கு. மேல ஏடு கட்டியிருக்கு. ராஜா ஒரு வாய் வெச்சுட்டுத் தள்ளிட்டார். மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும் அப்படித்தான். ஆள் எலும்பும் தோலுமா ஆயிட்டார்.

சேதி கேட்டு அவரோட அக்கா பூதிநங்கை, கட்டிக்கொடுத்த ஊர்ல இருந்து ஓடி வந்தாங்க. தம்பியைப் பார்த்தாங்க. கஞ்சியைத் தொட்டுப் பார்த்தாங்க.

"ஏண்டா, ஊருக்கெல்லாம் சோறு போடற ராஜா நீ. உனக்கு ஒரு வாய் சூடா கஞ்சி கிடைக்கலையா?"

ராஜா லேசா சிரிச்சார். "நான் பட்டத்துக்கு வந்ததுல இருந்து சூடா எதுவுமே சாப்பிட்டதில்லக்கா. ராஜா வீட்டுச் சோறுன்னா ஆறித்தான் இருக்கும் போலன்னு விட்டுட்டேன்."

அக்கா எழுந்து மடைப்பள்ளிப் பக்கம் நடந்தாங்க. பின்னாடியே அமைச்சர். வழி நெடுக ஆளுங்க நிக்கிறாங்க.

"நீங்க யாருப்பா?"

"கஞ்சியில விஷம் இருக்கான்னு குடிச்சுப் பாக்கறவன் தாயே."

சரி, நியாயம்தான். "நீங்க?"

"இவர் நெஜமாவே குடிக்கிறாரான்னு பாக்கறவன்."

"நீங்க?"

"குடிச்சவர் ஒரு நாழிகை கழிச்சும் உசுரோட இருக்காரான்னு பாக்கறவன் தாயே."

கடைசியா ஒருத்தர். கையில பெரிய மயில் விசிறி.

"நீங்க எதுக்கு?"

"கஞ்சி காத்துக்கிட்டு இருக்குல்ல தாயே... ஈ மொய்க்கும். அதான் விசிறறேன்."

கவனிச்சீங்களா? கஞ்சி காத்திருக்கறதால விசிறிக்காரர் வந்தார். விசிறிக்காரர் வந்ததால கஞ்சி இன்னும் சீக்கிரமா ஆறுது.

"ஆறினா திரும்பச் சூடு பண்ண வேண்டியதுதானே?"ன்னு கேட்டாங்க அக்கா.

"சூடு பண்ணா அது புதுக் கஞ்சி ஆயிடும் தாயே"ன்னார் அமைச்சர். "முதல்ல இருந்து குடிச்சுப் பாக்கணும்."

சிரிக்காதீங்க. அமைச்சர் முட்டாள் இல்ல. அந்த ராஜாவோட தாத்தாவை விஷம் வெச்சுக் கொன்னுட்டாங்க. அதனால ஒருத்தர் வந்தார். அவர் குடிக்கிற மாதிரி நடிச்சார். அதனால இன்னொருத்தர் வந்தார். ஒவ்வொருத்தர் வந்ததுக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. போறதுக்குத்தான் யாருக்கும் காரணம் கிடைக்கல.

அக்கா சொன்னாங்க. "தம்பியை இங்க கூட்டிட்டு வாங்க. அடுப்புக்குப் பக்கத்துல உக்காரட்டும். நான் என் கையால காய்ச்சறேன். முதல் வாய் நான் குடிக்கிறேன். அடுத்த வாய் அவன் குடிக்கட்டும். நடுவுல யாரும் வேணாம்."

அப்ப அமைச்சர் கேட்டார்... எழில் கேட்ட அதே கேள்வி. "தாயே, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"இப்படியே விட்டு அவன் செத்துப்போனா? அதுக்கு யார் பதில் சொல்லுவீங்க?"

அமைச்சர் யோசிச்சார். ரொம்ப நேர்மையான மனுஷன். "யாரும் சொல்ல வேண்டியதில்ல தாயே. எல்லாம் முறைப்படிதானே நடந்திருக்கு."

"அப்ப பதில் நான் சொல்றேன்"னாங்க அக்கா.

ராஜாவைத் தாங்கிக் கூட்டிட்டு வந்து மணையில உக்கார வெச்சாங்க. அக்கா ஒரு வாய். தம்பி ஒரு வாய்.

"ஸ்ஸ்... அக்கா, நாக்கு சுட்டுடுச்சு."

"சுடட்டும். ஊதிக் குடிடா."

ராஜாவுக்கு ஊதறதே மறந்துபோயிருந்துச்சு. கஞ்சி முடியறதுக்குள்ள நெத்தியில முத்து முத்தா வேர்வை.

கதை இதோட முடியலைங்க. அக்கா மறுநாளே ஊருக்குத் திரும்பிடல. தம்பி எழுந்து நடக்கிற வரைக்கும், வேளா வேளைக்கு, முதல் வாயை அவங்கதான் குடிச்சாங்க.

இப்ப நம்ம எட்டுத் திரைக்கு வாங்க. போன் நம்பர் கேக்க ஒரு திரை. அந்த நம்பர் சரியான்னு கேக்க ஒரு திரை. இதெல்லாம் முடிய நேரமாகுதுன்னு, "தயவுசெய்து காத்திருக்கவும்"னு ஒரு வட்டம் சுத்துதே... அது யாரு?

ஆமா. விசிறிக்காரர். அவரை அழகாச் சுத்த வைக்க நாம ஒரு வாரம் உழைச்சிருக்கோம்.

எளிமையாக்கறதுன்னா அது புத்தி சம்பந்தப்பட்ட விஷயம்னு நான் ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். இல்லீங்க. எதை எடுக்கணும்னு நம்ம எல்லாருக்குமே தெரியும். ஒண்ணைச் சேர்த்தவரை யாரும் கேள்வி கேக்கறதில்ல. எடுத்தவரைத்தான் கேப்பாங்க. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கஞ்சியை ஆற விடறோம். எல்லாத்தையும் தூக்கி எறியச் சொல்லல. முதல் வாய் குடிக்க ஒருத்தர் வேணும். அக்கா அந்த இடத்தைக் காலி பண்ணல... அதுல அவங்க உக்காந்தாங்க.

எழில், திங்கட்கிழமை அந்த நம்பர் திரைகளையும் வட்டத்தையும் எடுத்துடுங்க. ஆஸ்பத்திரியில டோக்கன் மெஷினுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். முதல் டோக்கன் வாங்கறவர் வர்றப்ப நான் அதுல உக்காந்திருப்பேன். ஏதாவது ஆச்சுன்னா... பதில் சொல்ல வேண்டியவ எங்கன்னு யாரும் தேட வேண்டியிருக்காது.