உயிரோடு வைத்திருக்கிற ரத்தம்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகிற ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே கம்பெனி யூனிஃபார்மில் இரண்டு பெண்கள்.

"எங்க அண்ணி செத்தவங்க ரத்தத்த உயிரோட வெச்சிக்கீறாங்கடி."

"காலங்காத்தால இன்னாடி பேச்சு இது?"

"சத்தியமா. ரத்தப் புத்துநோய் ஆராய்ச்சி. ஆளு போயிட்டாலும் குடுத்த ரத்தம் ஃப்ரீசர்ல இருக்கும். அதுல புதுசு புதுசா மருந்து போட்டுப் பாத்துக்கினே இருப்பாங்க. கல்யாணத்தன்னிக்குக் கூட சாயங்காலம் லேபுக்கு ஓடினாங்க."

"உங்க அண்ணன் பாவம்டி."

"அவன்தான் வண்டில கொண்டுபோய் வுட்டான்."

"அது யாரு ரத்தம்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"பேரு இருக்காது, நம்பருதான். ஆனா வெளிய எடுக்கறப்போ, 'வா கண்ணு'ன்னு கூப்ட்டுத்தான் எடுப்பாங்க."

போன மாதம் ரத்தப் புற்றுநோயில் இறந்த என் தம்பியும் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்திருந்தான். ஊசியைப் பார்த்தாலே கையை இழுத்துக்கொள்வான். "வா கண்ணு" என்றால் நீட்டுவான்.