அரை மணிக் கோப்பி

நவமணி: இன்னிக்கும் போயிட்டாருண்ணே.

ஐயாவு: யாரு?

நவமணி: யாரா? இருட்டுல தூண்டிலைத் தூக்கிக்கிட்டு என் கேட்டு முன்னால நின்னுக்கிட்டு 'யாரு'ங்குறீங்களே... டிரெசர்தான்.

ஐயாவு: நான் ஒண்ணும் டொமினிக்கத் தேடி வரல. சும்மா காலாற நடந்தேன்.

நவமணி: பதினெட்டு நாளா காலாறலயா? புது வருசம் பொறந்ததுல இருந்து பாக்குறேன். உள்ள வாங்க, ஐயாவு அண்ணே. கோப்பி சூடா இருக்கு.

ஐயாவு: அரைக் கப்பு போதும்.

நவமணி: நேத்தும் அரைக் கப்புன்னுதான் சொன்னீங்க. மூணு அரைக் கப்பு குடிச்சீங்க.

ஐயாவு: தூக்கம் வந்தாத்தானே தங்கச்சி... எஸ்டேட்டுல ரப்பர் பால் மரம் வெட்டுறதை விட்டு மூணு வருசமாச்சு. நாலு மணியானா காதுக்குள்ள இன்னும் பெரட்டு மணி அடிக்குது. எந்திரிச்சுப் போயி வரிசையில நின்னு, பேரு கூப்புட்டா 'இருக்கேன்'னு சொல்லணும் போல... இத யாருகிட்ட சொல்ல? மருமக கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்குது.

நவமணி: என்கிட்ட சொல்லுங்க. இந்த வீட்டுல நானும் பல்லியும்தான். பல்லி கூட கேள்வி கேக்காது.

ஐயாவு: நீ கேப்ப.

நவமணி: ஆமா, நான் கேப்பேன். தூக்கம் வராமத்தான மீன் பிடிக்கக் கெளம்புனீங்க?

ஐயாவு: கெளப்பிவிட்டது யாரு? அவருதானே! "ரிட்டையர் ஆனவன் பாயில கெடக்கக் கூடாது மச்சான், லகாட்டுல ஈயம் தோண்டுன குட்டையில கெளுத்தி இருக்கு, என் மோட்டர் பின்னால ஏறிக்கோ"ன்னு... ஒரு வருசம் ஏத்திக்கிட்டுப் போனாரு. சிலிம் ரிவர் எஸ்டேட்டுல அவரு மருந்து குடுக்குற டிரெசர், நான் மரம் வெட்டுறவன். அங்க 'ஐயா'. ஈப்போவுக்கு வந்த பொறவுதான் 'மச்சான்' ஆச்சு. இப்ப...

நவமணி: இப்ப திரும்ப 'ஐயா'வா?

ஐயாவு: என் பேரை வெட்டிட்டாரு, நவமணி. பெரட்டுக்குப் பிந்தி வந்தவனைத் திருப்பி அனுப்புவாங்களே, அந்த மாதிரி. முப்பத்திரண்டு வருசம்... ஒரு நாள் நான் பெரட்டுக்குப் பிந்துனதில்ல.

நவமணி: வீட்டுக்கே போயி கேக்குறது! ஆறு வீடு தள்ளித்தானே?

ஐயாவு: நான் ஏன் கேக்கணும்? விட்டுட்டுப் போறவரு அவரு. பகல்ல போனாலும் அவரு தூங்குவாரு. நானும் தூங்குவேன்.

நவமணி: எஸ்டேட்டுல விட்ட தூக்கத்தையெல்லாம் இங்க வந்து பகல்ல தூங்குறீங்க.

ஐயாவு: சிரி, சிரி. இன்னியோட சரி. மொத பஸ்ஸுல செமோர் போறேன். என்கூட மரம் வெட்டுன கார்த்திகேசுகிட்ட இந்தத் தூண்டிலக் குடுத்துட்டு வந்துடுறேன். நேத்தே சொன்னேன்ல?

நவமணி: சொன்னீங்க... இருங்க, இன்னொரு வாய் ஊத்துறேன்.

ஐயாவு: போதும்லா... இது என்ன, இன்னொரு கப்பு? ஈரமா இருக்கு.

நவமணி: நான் குடிச்சது.

ஐயாவு: நீ குடிக்கிறது உன் கையில இருக்கே.

நவமணி: எனக்கு ரெண்டு கை இருக்குண்ணே.

ஐயாவு: படியில என்ன, பால் டின்னு?

நவமணி: மண்ணு. ரோஜாச் செடிக்கு.

ஐயாவு: மண்ணு நெளியுதே.

நவமணி: ...நல்ல மண்ணு.

ஐயாவு: புழுவு! இந்தக் கம்பிப் பிடி நான் கட்டிக் குடுத்ததாச்சே! டிரெசர் டின்னு! அப்ப அவரு இங்க உக்காந்து... கோப்பி...

நவமணி: சத்தம் போடாதீங்க. அந்தா, மோட்டர் சத்தம் கேக்குதா? பாதி வழியில பையத் தொறந்து பாத்திருப்பாரு. திரும்பி வாராரு.

டொமினிக்: நவமணி! என் புழு டின்ன இங்கயே விட்டுட்டு... ஓ.

நவமணி: நான் வேணா ரெண்டு பேரையும் அறிமுகம் பண்ணி வைக்கவா?

டொமினிக்: என்ன மச்சான், இப்பத்தான் விடிஞ்சுதா?

ஐயாவு: விடியறது இருக்கட்டும், டிரெசர் ஐயா. பின்னால ஏறுறவன் கனம் தாங்கலன்னா வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

டொமினிக்: கனமா? வீட்டுக்காரி எல்ஸி முழிச்சிக்குவாளேன்னு தினமும் மோட்டரை இந்த முக்கு வரைக்கும் தள்ளிக்கிட்டு வாரேன். கால் மணி நேரம் நிக்கிறேன். பதினெட்டு நாளா நீ வரல! மீனா பிடிக்கிறேன்? தனியா உக்காந்து தண்ணியப் பாத்துட்டு வாரேன்.

ஐயாவு: எத்தன மணிக்கு நின்னீங்க?

டொமினிக்: ஆறு.

ஐயாவு: பொய்! ஆறு மணிக்கு நான் நிக்கிறேன். இன்னிக்கும் டாண்ணு ஆறு. இந்தா, கடியாரத்தப் பாருங்க. இப்ப ஆறேகால்.

டொமினிக்: ஆறேகாலா? என் கையில ஆறேமுக்கால்... மச்சான். நீ நேரத்த மாத்தலயா? ஒண்ணாந்தேதியில இருந்து கவர்மெண்டு சொல்லி நாடு பூரா கடியாரத்த அரை மணி முன்னால தள்ளி வச்சாச்சே!

ஐயாவு: தெரியும்.

டொமினிக்: தெரிஞ்சுமா?

ஐயாவு: வேலைய விட்ட அன்னிக்கு எஸ்டேட்டுல குடுத்த கடியாரம் இது. பெரிய தொரை தன் கையால முள்ளத் திருப்பிக் குடுத்தாரு. நான் தொட மாட்டேன். அதோட... கெளுத்திகிட்ட யாரு போயி நேரம் மாறிப்போச்சுன்னு சொன்னா? மீனுக்குப் போறது பழைய நேரத்துக்குத்தான்னு நெனச்சேன்.

டொமினிக்: அத ஒரு வார்த்த சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?

ஐயாவு: சொன்னா சிரிப்பீங்க. மகன் ஏற்கனவே சிரிக்கிறான்.

டொமினிக்: நான் என்ன நெனச்சேன் தெரியுமா... என்கூட உக்காந்து உக்காந்து உனக்குச் சலிச்சுப்போச்சுன்னு.

ஐயாவு: போங்க ஐயா... போ மச்சான்.

டொமினிக்: இரு, இரு. நவமணி! எனக்கும் கோப்பி ஊத்துன, இவனுக்கும் ஊத்துன. 'ஐயாவு வந்தானா'ன்னு கேட்டா 'வரல'ன்னு சொன்னியே?

நவமணி: நீங்க கேக்குறப்ப அவரு வரல. அவரு கேக்குறப்ப நீங்க போயிட்டீங்க. முருகன் சாட்சியா, நான் ஒரு பொய்யும் பேசல. 'பொறவு வந்தானா'ன்னு ஒரு நாள் கேட்டீங்களா?

டொமினிக்: புழு டின்னு? நான்தான் பையில வச்சேன். படிக்கு எப்படி வந்துச்சு? கால் மொளச்சுதா?

நவமணி: நீங்க கப்பக் கழுவப் போனீங்கள்ல, அப்ப நான்தான் எடுத்து வச்சேன். தூண்டில் செமோருக்குப் போயிட்டா, அப்புறம் உங்க ரெண்டு பேரையும் எதப் போட்டுப் பிடிக்கிறது?

ஐயாவு: அப்ப உனக்கு மொத நாளே தெரியும்.

நவமணி: தெரியும்.

ஐயாவு: தெரிஞ்சுக்கிட்டு பதினெட்டு நாளா... ஏன் நவமணி?

நவமணி: ஒரு வருசமா என் கேட்டு முன்னாலதான் மோட்டர் ஏறுனீங்க. ஒரு நாளாவது உள்ள எட்டிப் பாத்தீங்களா? இந்தப் பதினெட்டு நாளாத்தான் ஆளுக்கொரு கப்பு குடிக்க உள்ள வாரீங்க. நானும் பெரட்டுல நின்னு பேரு குடுத்தவதான்ணே. நாலு மணிக்கெல்லாம் முழிச்சுக்கிட்டு, கோப்பியக் கலக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்... பழைய நாலு மணி.